பாஸ்கா இரவின் பந்தி



சென்ற தவக்காலத் தொடக்கத்தில் நம் இளைஞர் சிலர் பங்குப் பணி இல்லத்துக்கு வந்தனர். ஜூபிலி ஆண்டின் பெரிய வியாழனன்று, யூதர்கள் செய்வது போலவே ஒரு பாஸ்கா விருந்தைக் கோயில் முற்றத்தில் நடத்தலாமா என்று கேட்டனர். நல்ல யோசனை என்று உடனே தலையாட்டிவிட்டேன். சமையல் பொறுப்பை ஏற்கவிருந்த மாதா சபைப் பெண்களில் மூத்த அம்மா ஒருவர், "ஆட்டுக்கறிதானே சாமி, பிரியாணியாப் போட்டுட்டா எல்லாருக்கும் காணும்" என்றார். தண்ணீரில் வேகவைத்தது ஆகாது, நெருப்பில் வாட்டியதுதான் விதி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அத்துடன் எனக்குத் தெரிந்தது ஏறக்குறைய தீர்ந்துபோயிற்று. குருமடத்தில் படித்தவற்றை மீண்டும் எடுத்துப் புரட்டவேண்டியதாயிற்று. அப்படிப் படித்ததில் பிறந்ததே இக்கட்டுரை.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் பெரிய வியாழன் திருப்பலியில் முதல் வாசகமாகக் கேட்கிறோம். கோயிலில் கேட்கும்போது அது மீட்பின் வரலாறு. அடுக்களையில் நின்று வாசித்தால், அது ஒரு விருந்துக்கான முன்னேற்பாடும் ஆகும் என்பது விளங்கும். முதல் மாதம் 10ஆம் நாள் ஆட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு வயதுள்ள, ஊனமற்ற கிடாய். செம்மறியானாலும் வெள்ளாடானாலும் சரி. 14ஆம் நாள் மாலைவரை வைத்திருந்து, பொழுது சாயும் வேளையில் அடிக்க வேண்டும். குடும்பம் சிறிதானால் அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு, யார் எவ்வளவு உண்பார் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தலை, கால், உள்ளுறுப்பு யாவும் முழுமையாக நெருப்பில் வாட்டப்பட வேண்டும். புளியாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும். விடியும்வரை மிஞ்சியதை எரித்துவிட வேண்டும். ஓர் எலும்பைக்கூட முறிக்கலாகாது. இடையில் கச்சை, காலில் மிதியடி, கையில் கோல். பந்திக்கு உட்காருகிறவன் பயணத்துக்கு நிற்கிறவனாக இருக்கவேண்டிய விசித்திரமான விருந்து இது!

எகிப்தில் வீட்டு வாசலில் தொடங்கிய இவ்விழா, கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா மன்னன் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் எருசலேம் ஆலயத்தோடு பிணைக்கப்பட்டது. ஆயினும் தொலைதூரத்து யூதர்கள் இதை மறந்துவிடவில்லை. நைல் நதியிலுள்ள எலிபன்டைன் என்ற தீவில் யூதப் போர்வீரர்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்குக் கி.மு. 419இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 15ஆம் நாள் முதல் 21ஆம் நாள்வரை புளித்தது எதையும் உண்ணாதிருக்க அது அவர்களுக்கு நினைவூட்டுகிறது.

நம் ஆண்டவரின் காலத்தில் பாஸ்காவுக்கு எருசலேமில் கூடிய கூட்டம் மிகப் பெரிது. யொசேப்புஸ் என்ற யூத வரலாற்றாசிரியர், ஒரு பாஸ்காவில் பலியான ஆடுகள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல் என்கிறார். அறிஞர்கள் இந்தக் கணக்கை நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அவர் தரும் இன்னொரு செய்தி பயனுள்ளது: ஓர் ஆட்டுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல், சில வேளை இருபது பேர்வரை ஒரு பந்தியாகச் சேர்ந்தார்கள். ஆட்டை அறுக்குமுன்பே இன்னார் இன்னார் இந்தப் பந்தி என்று கணக்கு முடிந்துவிட வேண்டும். கணக்கில் சேராதவருக்கு அதில் பங்கில்லை. பன்னிருவரும் ஆண்டவரும் ஒரு பந்திக்குச் சரியான தொகை என்பதைக் கவனியுங்கள்.

ஆண்டவர் பேதுருவையும் யோவானையும் அனுப்பினார் என்று லூக்கா சொல்கிறார். தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஆளைப் பின்தொடர்ந்து, மேலறையைக் கண்டு, அங்கே ஆயத்தம் செய்தார்கள். "ஆயத்தம் செய்தார்கள்" என்று நாம் ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறோம். அதில் அடங்கிய வேலையை மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு விரிவாகக் காட்டுகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டாலும் அது ஆலயக் காலத்து நினைவுகளைத் தாங்கிய நூல். மக்கள் ஆட்டோடு மூன்று தொகுதிகளாக ஆலய முற்றத்துக்குள் விடப்பட்டார்கள். ஆட்டை அடிப்பது அவரவர் கையால். இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்திக் கைமாற்றிப் பீடத்தடியில் ஊற்றுவது குருக்கள். தோலுரித்து, கொழுப்பைப் பீடத்துக்குக் கொடுத்து, உடலைச் சுமந்து வீட்டுக்கு வரவேண்டும். பிறகு மாதுளை மரக்குச்சியில் கோத்துக் களிமண் அடுப்பில் இறக்க வேண்டும். இன்று ஓட்டல்களில் தந்தூரி என்கிறோமே, ஏறக்குறைய அந்த வகை அடுப்பு. மாதுளைக் குச்சி எதற்கு? மற்ற மரம் சூட்டில் நீர் விடும், அந்த நீரில் இறைச்சி வெந்ததாகிவிடும் என்பது ரபிகளின் விளக்கம். பிரியாணி கேட்ட அம்மாவுக்கு இதை விவரித்தபோது அவர் முகம் வாடியது.

கி.பி. 70இல் உரோமைப் படைகள் ஆலயத்தை எரித்தன. பலியிட இடமில்லை, எனவே ஆடும் இல்லை. நடுப்பொருள் போய்விட்ட ஒரு விருந்து எப்படி நிலைக்கும்? யூதர்கள் கண்ட விடை வியக்கத்தக்கது. அப்பமும், கசப்புக் கீரையும், திராட்சை இரசமும், ஒரு குழந்தையின் கேள்வியும் விருந்தைத் தாங்கி நின்றன. இஸ்ரயேலின் பரம ஏழையும் அன்றிரவு சாய்ந்து அமர்ந்தே உண்ண வேண்டும். தர்மப் பாத்திரத்திலிருந்து கொடுத்தாவது அவனுக்கு நான்கு கிண்ணம் இரசம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மிஷ்னா கட்டளையிடுகிறது. சாய்ந்து உண்பது அக்காலத்தில் சுதந்திர மனிதரின் பழக்கம். இந்த இரவு ஒழுங்குக்குச் 'செதேர்' என்று பெயர். 'ஒழுங்கு' என்பதே அச்சொல்லின் பொருள். அன்று வாசிக்கப்படும் நூல் 'ஹகாதா'.

இன்றைய யூத வீடுகளில் பாஸ்கா ஏற்பாடு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பொங்கலுக்கு முன் நம் வீடுகள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி, பை, மேலங்கிப் பை எதிலும் புளித்த மாவின் துணுக்குகூட இருக்கலாகாது. பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். இயன்றவர்கள் இவ்விழாவுக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். முந்தின இரவு வீட்டுத் தலைவர் மெழுகுதிரி ஏற்றி, பறவை இறகும் மரக்கரண்டியும் ஏந்தி மூலைமுடுக்கெல்லாம் தேடுவார். தேடல் வீணாகக்கூடாது என்று பத்து ரொட்டித் துண்டுகளை முன்பே ஒளித்துவைப்பதும் உண்டு. அகப்பட்டதை மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள்.

புளியாத அப்பத்துக்கு 'மட்சா' என்று பெயர். மாவும் தண்ணீரும் அன்றி வேறெதுவும் அதில் இல்லை. இரவெல்லாம் வைத்திருந்த தண்ணீரில்தான் பிசைய வேண்டும். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து சுட்டு முடிக்கும்வரை 18 நிமிடங்களுக்கு மேல் ஆகிவிடக்கூடாது; கை ஓயாமல் பிசைந்து, தேய்த்து, குத்தி, அடுப்பில் போட வேண்டும். 1838இல் அல்சாஸ் நாட்டில் மாவைத் தேய்க்கும் எந்திரம் ஒன்று உருவாயிற்று. அதன் பேரில் 1859இல் ரபிகளுக்குள் பெருஞ்சண்டை மூண்டது. எந்திரத்தை எதிர்த்தவர்கள், பல்லிடுக்கில் மாவு ஒட்டிப் புளிக்கும் என்றார்கள். அதற்கும் மேலாக, விழாக்காலத்தில் அப்பம் தேய்த்துக் கூலி பெற்ற ஏழைப் பெண்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். எந்திரம் வென்றது. கேள்வி நல்ல கேள்வியாகவே இருக்கிறது.

மேசையில் ஒரு தட்டு. வாட்டிய எலும்புத் துண்டு பலி ஆட்டுக்கு நினைவு. வாட்டிய முட்டை ஆலயத்தின் விழாப் பலிக்கு நினைவு. கசப்புக்கு இலைக்கோசு போன்ற கீரை. வசந்தத்தில் கீரை முளைக்காத போலந்து போன்ற குளிர்நாடுகளில் காரமான முள்ளங்கி வகைக் கிழங்கு. உப்புத் தண்ணீர் கண்ணீருக்கு அடையாளம். எகிப்தில் மிதித்த சாந்துக்கு அடையாளமாக ஓர் இனிப்புத் தொக்கு: ஐரோப்பாவில் ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் பட்டையும் இரசமும் சேர்த்து அரைப்பார்கள், ஈராக் யூதர் பேரீச்சம்பழப் பாகில் செய்வார்கள். அடிமை வேலையின் சேற்றை இனிப்பாக்கி உண்பதை என்னவென்று சொல்வது! அரிசியிலும் ஒரு பிரிவு உண்டு. வட ஐரோப்பிய மரபினர் பாஸ்கா வாரத்தில் அரிசியும் பருப்பும் தொடமாட்டார்கள். கீழை நாட்டு மரபினருக்கு அவை ஆகும்.

முதல் கிண்ணம் அருந்தியபின் மூன்று மட்சாக்களில் நடுவிலுள்ளதைப் பிட்டு, ஒரு பாதியை ஒளித்துவைப்பார்கள். கடைசியில் சிறுவர் அதைக் கண்டெடுத்துப் பரிசு கேட்பார்கள். பசித்தவர் யாராயினும் உள்ளே வந்து உண்ணட்டும் என்று பழைய அரமேயிக் மொழியில் அழைப்பு விடுக்கப்படும். வீட்டின் இளைய பிள்ளை எழுந்து, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை என்று கேட்கும். அதற்கு விடையாகவே முழுக் கதையும் சொல்லப்படுகிறது. விருந்து முடிந்தபின் எலியாவுக்காக ஒரு கிண்ணம் நிரப்பி, தெருக்கதவைத் திறந்துவைப்பார்கள்.

நிற்க. இதுவரை மகிழ்ச்சியோடு படித்து வந்த நான் ஓரிடத்தில் புத்தகத்தை மூடிவைக்க நேர்ந்தது. இரசம் சிவப்பாக இருப்பதே சிறப்பு என்பது யூத மரபு. ஆனால் 17ஆம் நூற்றாண்டுப் போலந்தில் தாவீது ஹலேவி என்ற பெரிய ரபி, நம் நாடுகளில் சிவப்பு இரசத்தைத் தவிர்க்கிறோம் என்று எழுதிவைத்தார். காரணம் நாம். கிறிஸ்தவச் சிறுவரைக் கொன்று அவர்கள் இரத்தத்தை யூதர் பாஸ்காவில் சேர்க்கிறார்கள் என்ற கொடிய பொய் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் உலவியது. ஆட்டிறைச்சியைக்கூட உப்பிட்டு இரத்தம் போக்கியே சமைக்கும் மக்கள்மீது இப்பழி! 1247இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் இதைக் கண்டித்தார், பயனில்லை. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். அவ்வூர் யூதரை வதைத்து, வாய்மொழி வாங்கி, கொன்றார்கள். சிறுவனுக்கு வேதசாட்சி என்ற வணக்கம் 1965வரை அங்கே நீடித்தது. அவ்வாண்டில்தான் திருச்சபை அதை நீக்கியது. அதே 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கு யூத மக்கள் அனைவர்மேலும் பழி சுமத்தலாகாது என்று அறிக்கையிட்டது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த சொல்லை அதற்குமுன் 1959இலேயே 23ஆம் அருளப்பர் அகற்றியிருந்தார்.

ஒரு குடும்பம் தன் பந்தியில் எந்த நிறத்தில் இரசம் ஊற்றுவது என்பதை, நம்முடைய பெரிய வாரத்துக்கு அஞ்சித் தீர்மானிக்கவேண்டியிருந்தது. இதை அறிந்தபின் செதேரை நாடகம் போல் நடித்துக்காட்ட என் மனம் இடங்கொடுக்கவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. இறுதி இராவுணவு பாஸ்கா விருந்து என்று முதல் மூன்று நற்செய்திகள் சொல்கின்றன. யோவானோ ஆண்டவர் இறந்த மாலையில்தான் ஆடுகள் அறுக்கப்பட்டன என்ற முறையில் எழுதுகிறார். அறிஞர் இதை இன்னும் ஆய்கிறார்கள். எப்படியாயினும், ஹகாதாவும் ஒளித்த அப்பமும் எலியாவின் கிண்ணமும் ஆலயம் அழிந்தபின் வளர்ந்தவை. ஆண்டவர் செதேர் செய்தார் என்று மேடையில் காட்டினால் நாம் தவறானதைக் கற்பிப்போம். அவர்கள் பாடி முடித்து ஒலிவ மலைக்குப் போனதாக மாற்கு எழுதியிருப்பது 113 முதல் 118வரையுள்ள திருப்பாடல்களாக இருக்கலாம். அந்த இணைப்பு மெய்யானது, அது போதும். 1988இல் அமெரிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழுவும், செதேரை இறுதி இராவுணவின் நடிப்பாக்கக் கூடாது, அது யாருக்கு உரியதோ அவர்களை மதித்து நடக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

இளைஞர்களை அழைத்து, தலையாட்டியது என் அவசரம் என்று ஒப்புக்கொண்டேன். அவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு தம்பி, "ஆறு நூறு வருசத்துக்கு முந்தி யாரோ செஞ்சதுக்கு நாம ஏன் சாமி விருந்தை விடணும்?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் அவனுக்கு நிறைவளித்ததா என்று தெரியாது. பெரிய புதன் மாலையில் மன்றத்தில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு பொருளாக வைத்து, மேலே எழுதிய வரலாற்றைத் திரெந்து உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மாதா சபைப் பெண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கோதுமை அடை சுட்டுப் பார்த்தார்கள். 18 நிமிடத்தில் 26 அடைகள் தேறின. நற்கருணை அல்ல, பாடம் மட்டுமே என்று இருமுறை சொல்லியே பகிர்ந்துகொடுத்தோம். சந்தேகம் கேட்ட அந்தத் தம்பிதான் கடைசிவரை இருந்து பாத்திரம் கழுவினான்.

பிரியாணி உயிர்ப்பு ஞாயிறு மதியம் வெந்தது. எல்லாருக்கும் கண்டது.