பிறர் உணர்ச்சியைச் சிறார் அறிதல்: ஓர் ஆய்வு வரலாறு

பிறருடைய முகம், குரல், உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு அவர்களின் மனநிலையை அறியும் திறன் குழந்தைப் பருவத்திலேயே வளரத் தொடங்குகிறது. இத்திறன் எல்லாச் சிறாருக்கும் ஒன்றுபோல் அமைகிறதா, வளரும் சூழலுக்கேற்ப மாறுகிறதா என்பது அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வியாகும்.

தமிழ் மரபு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணர வல்லவர்க்கே இவற்றின் பொருள் விளங்கும் என்றும் அது கூறுகிறது.

டார்வினும் பின்வந்தோரும்

சார்லசு டார்வின் 1867-இல் பல நாடுகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பி, மக்களின் முகக்குறிகளைப் பற்றிக் கேட்டறிந்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விடைகள் வந்தன. 1872-இல் வெளிவந்த அவரது நூல், பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ச்மன் மகிழ்ச்சியில் சிரித்ததைச் சான்றாகக் காட்டியது. பிறரைப் பார்த்துக் கற்காமலே சிரிப்பு தோன்றும் என்பது இதனால் தெரிந்தது.

ஆனால் உணர்ச்சியை வெளிப்படுத்துவது வேறு. பிறர் உணர்ச்சியை அறிவது வேறு. 1971-இல் பால் எக்மனும் வாலசு பிரீசனும் பப்புவா நியூகினியின் போரே மக்களில் 189 பெரியவர்களிடமும் 130 சிறாரிடமும் கதை சொல்லி, அதற்குப் பொருந்தும் முகப்படத்தைக் காட்டச் சொன்னார்கள். பெரும்பாலும் மேலைநாட்டார் எதிர்பார்த்த விடைகளே கிடைத்தன. எனினும் பெரியவர்களால் அச்சத்தையும் வியப்பையும் பிரித்தறிய இயலவில்லை. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மேலைநாட்டார் அச்சம் எனக் கொள்ளும் முகத்தை டிரோப்ரியண்ட் தீவினர் அச்சுறுத்தும் முகமாகக் கண்டனர்.

வீட்டுச் சூழலும் இதில் பங்கு பெறுகிறது. அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் மிகச் சிறிய குறியிலிருந்தே சினத்தைக் கண்டுகொள்வதை அமெரிக்க உளவியலாளர் சேத் பொல்லாக் குழுவினர் 2002-இல் காட்டினர்.

சென்னையின் மேற்குப் புறநகர்

ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960-களில் எழுந்தபின், பல மொழிக் குடும்பங்கள் இப்பகுதியில் குடியேறின. இன்று வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இங்கே படிக்கின்றனர். தமிழ் புரியாத பிள்ளைக்கு ஆசிரியரின் முகமும் குரலுமே முதல் பாடம். திட்டும்போது தலைகுனிவதை ஒரு வீடு பணிவு என்னும். மற்றொன்று அலட்சியம் என்னும்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது. பார்வையற்ற சிறாருக்கு முகப்பட அட்டைகள் பயன்படா. குரலின் ஏற்ற இறக்கம், காலடி ஓசை, தொடுகை ஆகியவையே அவர்களுக்கு வழிகாட்டும். முகப்படத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பிறர் துயர் அறியாதவன் என முடிவு கட்டலாகாது என்பதே இவ்வரலாறு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் தரும் பாடம். வருத்தத்தையும் மகிழ்ச்சியையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கினால், எல்லாப் பிள்ளைகளும் இத்திறனில் வளர வழியுண்டு.