மூச்சு நோய்க்குக் கைவழிச் சிகிச்சை: எதுவரை உதவும்?

"நெஞ்சையும் முதுகையும் உருவிவிட்டால் மூச்சு லேசாகும்" என்று வன்னியில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை உண்டு.

நாட்பட்ட சுவாசத் தடை நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகி, உள்ளே போன காற்று முழுமையாக வெளியேறாமல் தேங்குகிறது. புகைத்தலும் விறகடுப்புப் புகையும் முக்கிய காரணங்கள். மூச்சுக்காக ஓயாமல் உழைக்கும் கழுத்து, தோள், விலாத் தசைகள் இறுகிவிடும். கைவழிச் சிகிச்சை இளக்குவது இந்த இறுக்கத்தைத்தான். குறுகிய குழாயை அது விரிக்காது.

2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 65 வதும் அதற்கு மேலும் வயதான 35 நோயாளர் பங்கேற்றனர். கைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் பலர் பயன் கிடைத்ததாகக் கூறினர். ஆனால் சிகிச்சை முடிந்தவுடன் அளந்தபோது அவர்களின் காற்றுத் தேக்கம் சற்றுக் கூடியிருந்தது. சுகமாக உணர்வது வேறு, சுவாசப்பை தேறுவது வேறு.

வலுவான ஆதாரம் இருப்பது இயன்மருத்துவர் வழிகாட்டும் நடைப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும்தான்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நெஞ்சிலோ முதுகிலோ செல் துண்டு இருந்தால், விலா எலும்பு முன்பு முறிந்திருந்தால், ஸ்டீரொயிட் மாத்திரை நீண்டகாலம் எடுத்திருந்தால், உடலில் கை வைக்க முன்னரே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை எலும்பைப் பலவீனப்படுத்தும், அழுத்தினால் முறியலாம்.

இன்ஹேலரை மட்டும் எக்காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.