எல்லைக் கணக்கு – 3: ஆடியில் கிளம்பிய கப்பல்

சித்தப்பாவின் சோதனைச்சாலையில் ஒரு கருவி சந்திராவின் கையில் உடைந்துபோன இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

இடம் கல்கத்தா, பௌபஜார் தெரு 210ஆம் எண். காலம் 1928 கோடை. சித்தப்பா சி.வி. ராமன். அந்தப் பிப்ரவரி 28ஆம் தேதிதான் ஒளிச் சிதறலில் புது நிறம் ஒன்றைப் பிடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். கட்டடம் முழுக்க அந்தச் சூடு ஆறாமல் இருந்த நேரம். ஆளுக்கொரு திரவத்தை எடுத்து அதில் ஒளியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த பதினேழு வயதுப் பையன், அண்ணன் மகன், கைபட்டு ஒரு சாமானை உடைத்துவிட்டான்.

இன்றைக்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் கோடை வந்தால் இன்டர்ன்ஷிப் தேடி அலைகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான் இதுவும். சிபாரிசுகூட வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா வீடு, சித்தப்பா ஆபீஸ். அப்படிப் போயும் சொதப்பியதில் எனக்கு என்னவோ ஒரு திருப்தி. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது முதல் நாளிலிருந்தே எல்லாம் கைகூடி வந்ததுபோல் எழுதிவிடுகிறோம். சந்திராவுக்கு, அதாவது சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு, அப்படிக் கைகூடி வரவில்லை. சோதனைச்சாலை தனக்குச் சரிப்படாது என்ற விஷயம் அந்தக் கோடையோடு அவருக்குத் தீர்ந்துபோனது.

ஆனால் விடுமுறை தீரவில்லை. ராமனின் வலதுகையாக இருந்த கே.எஸ். கிருஷ்ணன் அங்கே இருந்தார். வத்திராயிருப்புக்காரர், பேச்சில் இனிமையானவர், கணக்கிலும் கோட்பாட்டிலும் கரை கண்டவர். உடைக்க முடியாத சாமான் ஒன்று உண்டு என்றால் அது காகிதமும் பென்சிலும்தான். சந்திரா அதற்குத் திரும்பினார். காம்ப்டன் விளைவைப் பற்றி, அதாவது எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதித் தன் சக்தியில் கொஞ்சம் பறிகொடுப்பதைப் பற்றி, யோசிக்க ஆரம்பித்தார். அது நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் நடந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டே இந்திய இயற்பியல் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. தலைப்பிலேயே நட்சத்திரங்களின் உட்புறம் இருக்கிறது. கொடுத்த வேலையைக் கெடுத்த பையன், கொடுக்காத வேலையைச் செய்து முடித்துவிட்டான்.

சென்னைக்குத் திரும்பிய சில மாதங்களில் இன்னொரு அடி விழுந்தது. இது நல்ல அடி.

ஜெர்மனியிலிருந்து அர்னால்ட் சோமர்ஃபெல்ட் வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அணுக்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகத்தைச் சந்திரா வரி விடாமல் படித்திருந்தார். மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டார். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன பையனிடம், அந்தப் புத்தகம் பழசாகிவிட்டதே என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார். அது அச்சாகி வந்த பிறகு ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக், பவுலி எல்லாரும் சேர்ந்து இயற்பியலையே புரட்டிப் போட்டிருந்தார்கள். நீங்களும் நானும் இருந்தால் அந்த இடத்திலேயே சோர்ந்திருப்போம். சோமர்ஃபெல்ட் பையனின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தாம் எழுதி, இன்னும் வெளிவராத கட்டுரையின் ப்ரூஃப் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஃபெர்மியும் டிராக்கும் கண்ட புதுக் கணக்குமுறை அதில் இருந்தது. சந்திராவின் பின்னாளைய வாழ்க்கை முழுவதற்கும் வேர் அந்த ஈரம் காயாத தாள்களில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதை வைத்து எழுதிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். முன்பின் தெரியாத ஒரு மாணவன் சென்னையிலிருந்து அனுப்பியதை ஃபவுலர் பொறுமையாகப் படித்தார். 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சேறியது. அப்போது சந்திராவுக்குப் பரீட்சைகூட முடியவில்லை. அந்த அக்டோபரில் ஹைசன்பர்க்கே சென்னைக்கு வந்தபோது ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பும் அவருக்கே கிடைத்தது.

1930 பிறந்தது. இங்கிலாந்தில் போய்ப் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. ஊரெல்லாம் வெள்ளைக்காரனை எதிர்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். மே மாதம் காந்தியைக் கைது செய்தார்கள். அந்த நேரத்தில் வெள்ளைக்காரன் பணத்தில் வெள்ளைக்காரன் ஊருக்குப் படிக்கப் போவதா என்று கேட்க ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் சந்திராவைத் தடுத்து நிறுத்தியது அந்தக் கேள்வி இல்லை.

அம்மா படுத்துவிட்டார்.

சீதாலட்சுமி அம்மாளைப் பற்றி முதல் வாரமே எழுதியிருந்தேன். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1920 ஏப்ரலில் ஒருநாள், கணிதமேதை ராமானுஜன் காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்து ஒன்பது வயது மகனிடம் சொன்னவரும் அவர்தான். அந்த நாளைச் சந்திரா கடைசிவரை மறக்கவில்லை. இப்போது அதே ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன வழியில் மகன் போக வேண்டும். மூத்த மகன், அம்மாவுக்கு உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிறது. உறவினர் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இன்றும் அதேதான். சந்திராவும் தயங்கினார். முடிவு சொன்னவர் அம்மா. இவன் எனக்காகப் பிறந்தவன் இல்லை, உலகத்துக்காகப் பிறந்தவன் என்கிற பொருளில் அவர் பேசியதைக் குடும்பத்தார் நினைவில் வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு வாசலில் நடந்த விடைபெறலைப் பற்றி இன்னொரு வாரம் எழுத வேண்டியிருக்கும். இப்போது எனக்கு மனசு வரவில்லை.

1930 ஜூலை 31. பம்பாய் துறைமுகத்தில் பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பல், லாய்டு திரியஸ்தினோ கம்பெனியுடையது, நங்கூரம் எடுத்தது. நம் கணக்கில் அது ஆடி மாதம். நல்ல காரியம் எதையும் ஆடியில் தொடங்க மாட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், அரபிக்கடலில் ஒரு கப்பல் என்ன பாடுபடும்? பருவமழைக் கடல் பில்ஸ்னாவைப் போட்டு உலுக்கியது. கடல் பயணம் பழகாதவர், சுத்த சைவம், வயது பத்தொன்பது. அந்த முதல் சில நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கப்பலில் போனவர்களுக்குத் தெரியும்.

ஏடன் தாண்டியதும் கடல் அடங்கியது. மேல்தளத்து நாற்காலியும் காகிதமும் கிடைத்தன. கூடவே மூன்று புத்தகங்கள்: சோமர்ஃபெல்ட் எழுதியது ஒன்று, காம்ப்டன் எழுதியது ஒன்று, மூன்றாவது ஆர்தர் எடிங்டனின் நட்சத்திர நூல். மூன்றாவது புத்தகத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டுரைப் போட்டியில் ஜெயித்ததற்காகச் சந்திராவுக்குக் கிடைத்த பரிசு அது. அதை எழுதியவர் இந்தக் கதையில் பின்னால் வருவார். நல்லவராக வரமாட்டார்.

அந்தக் காகிதத்தில் சந்திரா போட்ட கணக்கு என்ன? பயப்படாமல் வாருங்கள், பந்திக்குப் போவோம்.

எரிந்து தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே சுருங்கும். வான்வெளியில் சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்குத் துணையாக மங்கலான ஒன்று உண்டு. எடை சூரியன் அளவு, உருவம் பூமி அளவு. அதிலிருந்து ஒரு தீப்பெட்டி நிறைய அள்ளினால் டன் கணக்கில் கனக்கும். வெள்ளைக் குள்ளன் என்று இந்த ரகத்துக்குப் பெயர். இது ஏன் இன்னும் நசுங்கிப்போகவில்லை? 1926இல் ஃபவுலர் பதில் சொல்லியிருந்தார். எலெக்ட்ரான்கள் கல்யாணப் பந்திக்காரர்கள் மாதிரி, ஓர் இலைக்கு ஓர் ஆள்தான். கீழ்த்தளத்தில் இலை நிறைந்துவிட்டால் அடுத்தவர் மாடிக்குப் போயாக வேண்டும், அதற்கடுத்தவர் அதற்கும் மேல் மாடிக்கு. மேலே போகப் போக எலெக்ட்ரானுக்கு வேகம் கூடும். அந்த வேகம் வெளிநோக்கித் தள்ளுகிறது. எவ்வளவு நசுக்கினாலும் அவ்வளவுக்குத் தள்ளும். ஆகவே எல்லா நட்சத்திரங்களுக்கும் முடிவில் ஓர் அமைதியான கிழப்பருவம் காத்திருக்கிறது. ஃபவுலரின் தீர்ப்பு இது.

சந்திரா அதை மறுக்க உட்காரவில்லை. மெருகேற்றத்தான் உட்கார்ந்தார். ஃபவுலரின் விதியை எடிங்டன் புத்தகத்தில் இருந்த சமன்பாடுகளோடு சேர்த்தார். நட்சத்திரத்தின் நட்டநடுவில் அடர்த்தி எவ்வளவு? சராசரியைப் போல ஆறு மடங்கு என்று வந்தது. அவ்வளவு நெரிசலில் மேல் மாடிக்கு விரட்டப்பட்ட எலெக்ட்ரான் என்ன வேகத்தில் ஓடும்? போட்டுப் பார்த்தார். ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும்படியான வேகம் வந்தது.

பென்சில் நின்ற இடம் அதுதான். ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டீனின் சட்டம் குறுக்கே வந்துவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. மாடிக்கு மேல் மாடி கட்டலாம், ஓட்டம் கூடாது. அப்படியானால் நசுக்க நசுக்கத் தள்ளும் பலமும் ஃபவுலர் நினைத்த அளவுக்கு ஏறாது. இதை ஃபவுலர் சேர்க்கவில்லை. சந்திரா சேர்த்துத் திரும்பவும் போட்டார்.

விடையில் நட்சத்திரத்தின் ஆரமே காணாமல் போயிருந்தது. எஞ்சி நின்றது எடை மட்டும். அந்த எடையும் எந்த நட்சத்திரம், எத்தனை வயது என்று எதையும் கேட்கவில்லை. பிளாங்கின் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, ஹைட்ரஜன் அணுவின் நிறை, இவை போதும். முதலில் அச்சில் வந்த எண் சூரியனைப் போல 0.91 மடங்கு, பிறகு திருத்தி இன்று நாம் சொல்வது சுமார் 1.4. அதற்குக் கீழே இருக்கும் நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிம்மதியாகக் கிடக்கலாம். அதற்கு மேலே?

மேலே விடையே இல்லை. அந்த எடைக்கு நிலைத்து நிற்கும் நட்சத்திரம் எதையும் சமன்பாடு தரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செங்கடலில் கப்பல் போகும்போது தன்னந்தனியாக ஒரு தமிழ்ப் பையன் பிரபஞ்ச ரகசியத்தைக் கண்டுபிடித்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்டோனியாவின் தார்த்துவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும் இங்கிலாந்தின் லீட்ஸில் எட்மண்ட் ஸ்டோனரும் அதே காலத்தில் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு ஸ்டோனர் ஓர் எல்லையையும் கண்டிருந்தார். உண்மையான நட்சத்திரத்துக்கு, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிந்த ஒன்றுக்கு, அதைக் கணக்கிட்டுக் காட்டியதுதான் சந்திராவின் வேலை. அது சின்ன வேலை இல்லை. கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சூயஸ் கடந்தது, மத்தியதரைக்கடல் கடந்தது, வெனிஸில் கப்பல் கரை சேர்ந்தது. அங்கிருந்து ரயில். ஆகஸ்ட் 19ஆம் தேதி சந்திரா லண்டனில் இறங்கினார். பெட்டிக்குள் இரண்டு கட்டுரைகள். ஒன்று ஃபவுலரின் கணக்கை மெருகேற்றியது, ஃபவுலர் சந்தோஷமாகத் தலையாட்டக்கூடியது. மற்றது ஃபவுலரின் தீர்ப்பையே அசைப்பது. இரண்டையும் அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் கீழேதான் ஆராய்ச்சி மாணவராகச் சேர வேண்டும். எதை முதலில் நீட்டுவது?

அந்தக் கவலைக்கு அவசியம் இல்லாமல் போனது. இந்திய மாணவர்களின் சேர்க்கையைக் கவனிக்கும் லண்டன் அலுவலகத்துக்குப் போனபோது, சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே எங்கோ காகிதங்கள் குளறுபடியாகியிருந்தன. அரசு உதவித்தொகை இருக்கிறது, ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை இருக்கிறது, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஆளே எதிரில் வந்து நிற்கிறார். கேம்பிரிட்ஜில் மட்டும் இடம் இல்லை.

அதைச் சரிசெய்யக்கூடிய ஒரே மனிதர் ரால்ஃப் ஃபவுலர். அவரோ விடுமுறையில் அயர்லாந்துக்குப் போயிருந்தார்.

(தொடரும்)