புலன்வழிக் கற்றல் மதிப்பீடு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

ஒரு பிள்ளைக்குப் பாடம் கண்ணால் ஏறுகிறதா, காதால் ஏறுகிறதா, கையால் செய்யும்போது ஏறுகிறதா என்று கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க முனைவது புலன்வழிக் கற்றல் மதிப்பீடு. நியூசிலாந்துக்காரரான நீல் ஃபிளெமிங் இதற்காக வகுத்த 'வார்க்' வினாத்தாள், 1992-இல் வெளியான கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவியது.

புலன்களைக் கற்றலில் ஈடுபடுத்தும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் பழையது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஆளுநர் மன்றோ 1822-இல் கேட்டுப் பெற்ற கணக்கின்படி 875 பள்ளிகள் இருந்தன. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொன்னார்கள். விரலும் கண்ணும் வாயும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எழுத்து படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. எண்சுவடி கூட்டாக ஓதி மனத்தில் ஏற்றப்பட்டது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார்; 1797-இல் லண்டனில் அதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து கொண்டாடியதன் வேர் நம் திண்ணைகளில் இருக்கிறது. அதே திண்ணைகள் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் மூடியிருந்தன என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிப்பது அவர் முறை. ஆனால் அரசுப் பள்ளிகளை மாற்றியது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ரிஷிவேலி கிராமப்பள்ளிகளின் அனுபவத்திலிருந்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியில் அது உருவானது. 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்துக்கும் வந்தது. பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்து, அட்டைகளைக் கையாண்டு, கற்றல் ஏணியில் தத்தம் வேகத்தில் ஏறினார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதே அங்கே மதிப்பீடு.

பிள்ளைகளைப் புலன்படி பிரிப்பது பயன் தருமா என்று 2008-இல் உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினர். 'கண்வழிப் பிள்ளை', 'காதுவழிப் பிள்ளை' என்று பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. விரல்ரேகையை வைத்துக் கற்கும் பாணியைச் சொல்வதாகக் கட்டணம் வாங்கும் சோதனைகளுக்கோ அறிவியல் அடிப்படையே இல்லை.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலை வேளையில் தன்னார்வலர்கள் ஆடல், பாடல், கதை, விளையாட்டு வழியே கற்பித்தார்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது, புலன்படி பிரிப்பதில்லை. சான்றுகளோடு ஒத்துப்போவது இந்த வழிதான்.

புலன்களைச் சோதிக்க விரும்பும் பெற்றோர் முதலில் பிள்ளையின் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டட்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகிலேயே இருக்கின்றன. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று ஒதுக்காதீர்கள்.