கொங்கு நாடு கண்ட திரை யுத்தங்கள்

கடற்கரையும் எல்லைப்புறமும் இல்லாத கொங்கு நாட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டின் மகா யுத்தங்கள் நூல் விலையாகவும், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடாகவும், ரேஷன் கடை வரிசையாகவும் வந்து சேர்ந்தனவேயன்றிப் பீரங்கி முழக்கமாக வரவில்லை. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய சிலரைத் தவிர, கோயமுத்தூரிலும் அதன் வடக்கே மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களிலும் வாழ்ந்த ஜனங்கள் யுத்தம் என்பதைக் கண்ணால் கண்டது சினிமாக் கொட்டகையிலும், பிற்காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சியிலும்தான். ஆகையால் இந்தப் பகுதியில் யுத்தப் படம் பார்த்த வழக்கத்தின் சரித்திரம், யுத்தத்தைப் பற்றிய பொதுஜன அபிப்பிராயத்தின் சரித்திரமாகவும் இருக்கிறது.

அதன் தொடக்கத்தில் நிற்பவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைபட உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சலனப்படம் காட்டியபின், ஐரோப்பிய யுத்தம் மூண்ட அதே 1914-இல், கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்து, பஞ்சாலைகள் பெருகி, மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளர் கூட்டம் உண்டானபோது, ஆலைச் சங்கு ஊதியதும் கொட்டகைக்கு நடக்கும் வழக்கமும் கூடவே வேரூன்றியது.

இரண்டாம் உலக யுத்தம் அந்தக் கொட்டகைகளுக்கு ஒரு விசித்திரமான நெருக்கடியைக் கொண்டுவந்தது. கச்சாப் பிலிமுக்குப் பஞ்சம் ஏற்பட்டதால் சர்க்கார் படங்களின் நீளத்தை 11,000 அடிக்குக் கட்டுப்படுத்தியதோடு, யுத்த முயற்சிக்கு அனுகூலமான கதைகளையும் தயாரிப்பாளர்களிடம் எதிர்பார்த்தது. அந்த நிர்ப்பந்தத்தில் பிறந்தவற்றுள் முக்கியமானது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் எடுத்து 1945-இல் வெளியிட்ட ‘பர்மா ராணி’. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் அகப்பட்டுக்கொண்ட இந்திய விமானிகளைப் பற்றிய அந்தக் கதையில், சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக வேஷம் கட்டினார்.

இந்தப் படம் எத்தகைய மண்ணில் விழுந்தது என்பதை யோசிக்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய ராமகிருஷ்ண வித்தியாலயத்துக்கு 1934-இல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் காந்தியடிகள். 1942 ஆகஸ்டில், அவர் ‘வெளியேறு’ என்று முழங்கிச் சிறை புகுந்த சில வாரங்களுக்குள், கோவைக்குக் கிழக்கே சூலூரில் யுத்தத்துக்கென்று அமைக்கப்பட்ட விமான தளத்துக்கு இந்த மாவட்டத்து ஜனங்களே தீ வைத்தார்கள். விமான தளத்தைக் கொளுத்திய ஊராரிடம், மூன்றே வருஷங்களில், விமானிகளின் வீரத்தைக் கொண்டாடும்படி திரை கேட்டுக்கொண்டது. சர்க்காரின் நோக்கத்தை ஜனங்கள் அறியாதவர்களல்லர். ஆயினும் பாட்டுக்காகவும், நடிப்புக்காகவும், சண்டைக் காட்சிக்காகவும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பிரசாரத்தைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் தமிழ் ரசிகனுக்கு அப்போதே கைவந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு யுத்தப் படத்தின் குரல் மாறியது. ஜெய்ப்பூருக்குச் சென்று போர்க் காட்சிகளைப் படமெடுத்து, லண்டனில் டெக்னிகலர் பிரதி போட்டுக் கொண்டுவந்த பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வெளிவந்தது. சீன யுத்தம் நடந்த 1962-க்கு மறு வருஷமே, தாதா மிராசியின் டைரக்‌ஷனில் சிவாஜி கணேசன் ராணுவ அதிகாரியாக, சாவித்திரியுடன் நடித்த ‘ரத்தத் திலகம்’ வந்தது. அதே 1962-இல்தான் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஸ்தாபிக்கப்பட்டு, பெரியநாயக்கன்பாளையம் பஞ்சாலை இயந்திரங்கள் வார்க்கும் ஊராக வளரத் தலைப்பட்டது. பட்டறையில் ஷிப்டு முடித்து டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில் அமர்ந்தவனுக்கு, இமயத்தில் நடந்த சண்டை வதந்தியாகவும் வானொலிச் செய்தியாகவும் இருந்து, திரையில் உருவம் பெற்றது.

இனித் தொலைக்காட்சி. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-இல் ஒளிபரப்புத் தொடங்கியும், வெகு காலம் அது கொங்கு நாட்டுக்கு எட்டாத கனியாகவே இருந்தது. 1984-ஐ ஒட்டி நாடெங்கும் நிறுவப்பட்ட சிறு ஒளிபரப்பிகள் டில்லி நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்தன. எண்பதுகளின் பிற்பகுதியில் கோடைக்கானல் மலையிலிருந்து சென்னை ஒளிபரப்பும் வந்து சேர்ந்தது. ஓட்டுக் கூரைகளின்மேல் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சாலிடேர், டயனோரா பெட்டிகள் உள்ள வீட்டுத் திண்ணை, தெருவுக்கே பொதுவாயிற்று. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் தேசபக்திப் படம் போடுவது ஒரு சம்பிரதாயமாகியது. கொட்டகையில் செய்தியாகவும் பிரசாரமாகவும் இருந்த யுத்தப் படம், பலகாரத்தோடு குடும்பமாக அமர்ந்து பார்க்கும் விடுமுறை நாள் வைபவமாக மாறியது இவ்விதமே.

பிறகு கேபிள் வந்து ஆங்கிலப் படங்களும் வீடு புகுந்தன. அவற்றுள் தமிழன் ஊன்றிப் பார்க்க வேண்டியது, டேவிட் லீன் 1957-இல் எடுத்த ‘குவாய் நதிப் பாலம்’. இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றின்மீது பாலம் கட்டிப் படமாக்கப்பட்ட அது, 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் மாண்டவர்களில் வெள்ளைக்காரக் கைதிகளைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமானோர் ஆசியத் தொழிலாளர். அவர்களுள் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஏராளம். படமோ வெள்ளைக்காரக் கைதியின் மானத்தையும் பிடிவாதத்தையும் மகத்தான கலையாக்கிவிட்டு, அந்தக் கூலிகளை மறந்துவிட்டது.

கொட்டகையில் ஒரு படம் வந்து, ஓடி, போய்விடும். மறு படம் வருவதற்குள் முன்னதன் வாதம் மங்கிவிடும். தொலைக்காட்சியோ வெவ்வேறு காலத்தவரும் வெவ்வேறு கட்சியினரும் எடுத்த யுத்தங்களை ஒரே அறையில், ஒரே வாரத்தில், அருகருகே நிறுத்திவிடுகிறது. 1999-இல் கார்கில் யுத்தம் செய்தியாகவே அந்தப் பெட்டியில் ஓடியபோது, பழைய படங்களில் பழகிய கண்கள் அதையும் வேறொரு படம்போலப் பார்க்கும் அபாயம் இருந்தது மெய்தான். ஆயினும் இந்தப் படத்தை யார் எடுத்தார்கள், யாரைக் கூட்டத்தோடு கூட்டமாக மறைத்தார்கள் என்று ஒப்பிட்டுக் கேட்கும் வசதியை, பிரிட்டிஷ் சர்க்காரின் அடிக்கணக்குச் சட்டம் காணாத அளவுக்கு, சாமானிய ரசிகனுக்கு அளித்ததும் அதே பெட்டிதான். அந்தக் கேள்வியைக் கேளாதவனுக்கு எத்தனை யுத்தப் படம் பார்த்தும் யுத்தம் விளங்கப் போவதில்லை.