ஏழடிப் பட்டத்தில் ஒரு பெயர்

ஜப்பானுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். ஃபூஜி மலையின் படம். 3776 மீட்டர் உயரம், உச்சியில் வெண்பனி, அடியில் அமைதியான ஏரி. கடைசியாக 1707-ஆம் ஆண்டில் நெருப்பைக் கக்கிய எரிமலை அது. அதன் சீற்றம் தணிய வேண்டும் என்று மக்கள் அடிவாரத்தில் கோயில் எழுப்பினார்கள். பிற்காலத்தில் வெள்ளாடை உடுத்து உச்சிக்கே யாத்திரை போனார்கள். ஹொகுசாய் என்ற ஓவியர் அந்த மலையைத் திரும்பத் திரும்பத் தீட்டியும் ஆசை தீராமல் இருந்தார்.

"உங்கள் புதுக்கோட்டைச் சீமையில் இப்படி ஒரு மலை உண்டா?" என்று நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. எங்கள் சீமையில் பனி ஏது? செம்மண் பொட்டல், கண்மாய், கருவேலம், நடுநடுவே வெயிலில் காயும் மொட்டைப் பாறைகள். ஆனாலும் நான் தயங்காமல், "உண்டு. சித்தன்னவாசல்" என்றேன்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருக்கிறது அந்தக் குன்று. உயரத்தைச் சொன்னால் ஜப்பானியர் நகைப்பார்கள். ஆயினும் அதுவும் ஒரு வகையில் நெருப்பின் குழந்தைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்துக் கொதிப்பிலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. அதன் சீற்றமெல்லாம் மனிதன் பிறப்பதற்கு முன்பே அடங்கிவிட்டது. அடங்கிய அந்தக் கல்லைத் தேடி, தங்கள் ஆசைகளையும் அடக்க விரும்பியவர்கள் வந்தார்கள்.

அவர்கள் சமணத் துறவிகள். குன்றின் கிழக்குச் சரிவில், கீழே பார்த்தால் தலை சுற்றும் விளிம்பை ஒட்டி, ஒரு குகைத்தளம் இருக்கிறது. அங்கே போகப் பாறையில் ஏழு குழிகளைப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். அதனால் அதற்கு ஏழடிப் பட்டம் என்று பெயர். உள்ளே 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லே தலையணை. கடுந்தவம் செய்தவர்களும், உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தவர்களும் படுத்திருந்த இடம் என்கிறார்கள். ஒரு படுக்கையின் அருகே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபாவில் என்னும் ஊரின் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. எருமை நாடு என்றால் இன்றைய மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ வந்த துறவிக்கு எங்கள் ஊரார் படுக்கை வெட்டித் தந்திருக்கிறார்கள்!

இந்தப் பெருமையை எல்லாம் நண்பரிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் படிக்கும்போது உல்லாசப் பயணமாக எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். எனக்குப் பதினான்கு வயது. ஆசிரியர் முன்னால் போய்விட்டார். என் ஜாமெட்ரிப் பெட்டியிலிருந்த கவராயத்தை எடுத்து, ஒரு படுக்கையின் ஓரத்தில் என் பெயரைக் கீறினேன். கல் கடினமானது, கை வலித்தது. ஆனாலும் முழுப் பெயரையும் கீறி முடித்த பிறகே எழுந்தேன். பெரிய வீரச் செயல் என்று அன்று நினைப்பு!

அந்தப் பாறையில் வேறு பெயர்களும் உண்டு. திருநீலன், திட்டைச்சரணன், திருப்பூரணன் என்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தவம் இருந்த துறவிகளின் பெயர்கள். அவற்றைப் பிற்காலத்தில் நூல்களில் படித்தபோது எனக்கு உடல் கூசியது. அவர்கள் வாழ்வையே கொடுத்துப் பெற்ற இடத்தை நான் அரை மணி நேரத்தில் கவராயத்தால் பிடித்துக்கொண்டேன்.

சென்ற தை மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு மீண்டும் போனேன். விளிம்பில் இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் அவளுக்கு. மங்கிப் போயிருந்த அந்தக் கீறலை அவளே கண்டுபிடித்துப் படித்தாள்.

"தாத்தா, உங்க பேருல இன்னொரு சாமியார் இங்கே படுத்திருந்தாரா?"

"இல்லை அம்மா. அவன் படுக்கவில்லை. கிறுக்கிவிட்டு ஓடிப் போனவன்" என்றேன்.

மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலுக்கு இறங்கினோம். அதன் விதானத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற தாமரைக் குளம். மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மூன்று இளைஞர்கள். தூண்களிலே ஆடல் மகளிர். 1916-இல் தம் புதுக்கோட்டை வரலாற்றில் ராதாகிருஷ்ண ஐயர் இவற்றைக் குறிப்பிட்டார். பிறகு கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராயும் உலகறியச் செய்தார்கள். மகேந்திர பல்லவன் காலத்தவை என்று நெடுநாள் நம்பினார்கள். அங்குள்ள கல்வெட்டோ, பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. தாமரைகளைத் தீட்டிய கைகளின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த ஓவியத்தில் பெரும்பகுதி போய்விட்டது. காலம் கொஞ்சம் அழித்தது. என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் அழித்தோம். ஃபூஜி மலையில் நெருப்புக்குப் பயந்து வணங்கினார்கள். எங்கள் குன்று யாரையும் பயமுறுத்துவதில்லை. அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு அதனிடம் மரியாதை குறைந்துவிட்டது.

பேத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சுவரைத் தொடப் போன கையைத் தானாகவே பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொட்டா பூ அழிஞ்சு போயிடுமா, தாத்தா?"

"ஆமாம்" என்றேன். எனக்கு அந்த வயதில் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.