கிரிப்டோ குலுக்கல்: ‘நேர்மையை நீங்களே சரிபார்க்கலாம்’ என்பதன் பொருள் என்ன?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்கு லாட்டரி புதிய சங்கதி அல்ல. 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அதன் பிறகும் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் ‘மூணு நம்பர்’ லாட்டரி தமிழகத்தின் பல ஊர்களில் ஒளிந்து மறைந்து நடந்து வருவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அந்த ஆசை இப்போது செல்போனுக்குள் குடியேறியிருக்கிறது. பிட்காயின், யு.எஸ்.டி.டி போன்ற கிரிப்டோ நாணயங்களில் டிக்கெட் வாங்கினால் கார், ஐபோன், லட்சக்கணக்கில் பணம் என்று டெலிகிராம் குழுக்களில் விளம்பரம் வருகிறது.

இந்த விளம்பரங்கள் பழைய லாட்டரிக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன: “எங்களை நம்ப வேண்டாம். குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.” ஆங்கிலத்தில் இதை ‘ப்ராவப்ளி ஃபேர்’ என்கிறார்கள்.

“ஏமாற்று இல்லை என்று நிரூபிக்க முடிகிறதே, பிறகு என்ன தவறு?” என்று பிள்ளைகள் கேட்டால், “அதெல்லாம் பித்தலாட்டம்” என்ற ஒரே வரி அவர்களுக்குப் போதாது. அந்த நிரூபணம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை, எல்லாம் சரியாகவே இருந்தாலும் சட்டமும் மார்க்கமும் என்ன சொல்கின்றன என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

குலுக்கலில் சந்தேகம் புதிதல்ல

குலுக்குபவரை எப்படி நம்புவது என்ற கேள்வி மிகப் பழையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கிறது. குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும்.

சீட்டுக் கம்பெனிகளுக்கான 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டமும் இதே கவலையோடு எழுதப்பட்டது. ஒவ்வொரு குலுக்கலும் குறைந்தது இரண்டு சந்தாதாரர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

கண்ணெதிரே நடந்தாலும் மோசடி நடக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரியில் 1980 ஏப்ரல் 24 அன்று தொலைக்காட்சி நேரலையிலேயே 666 என்ற எண் விழுந்தது. 4, 6 எழுதிய பந்துகளைத் தவிர மற்றவற்றில் பெயின்ட் செலுத்தி எடையைக் கூட்டியிருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. கணினிக் குலுக்கலும் தப்பவில்லை. ஹாட் லோட்டோ என்ற அமெரிக்க லாட்டரியின் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எடி டிப்டன், ஆண்டின் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எண்களை முன்கூட்டியே கணிக்க முடியும்படி நிரலை எழுதி வைத்திருந்தார். 2010 டிசம்பரில் 1.65 கோடி டாலர் பரிசுக்குரிய எண்கள் அப்படித்தான் விழுந்தன. 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பூட்டுக்குக் காவல் நின்றவரே கள்ளச்சாவி செய்த கதை இது.

‘ஹாஷ்’ என்ற ஒட்டிய கவர்

இந்த அனுபவங்களுக்குப் பதிலாகத்தான் கணினித் துறையினர் ஒரு முறையை உருவாக்கினார்கள்.

குலுக்கல் நடத்துபவர் ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். அதை ஒரு கவரில் வைத்து ஒட்டி, குலுக்கலுக்கு முன்பே எல்லோர் பார்வையிலும் வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது அல்லவா? கணினியில் அந்தக் கவரின் வேலையைச் செய்வது ‘ஹாஷ்’. எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கில் எதைப் போட்டாலும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு முத்திரை கிடைக்கும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். முத்திரையை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாது. குலுக்கலுக்கு முன் முத்திரையை வெளியிட்டு, முடிந்தபின் இரகசியத்தையும் வெளியிட்டால், இரண்டும் பொருந்துகின்றனவா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இரகசிய எண்ணை நடத்துபவரே தேர்ந்தெடுத்தால் தனக்கு வேண்டியவருக்குப் பரிசு விழும்படி தேர்ந்தெடுத்துவிடலாம். அதனால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத இன்னோர் எண்ணையும் சேர்க்கிறார்கள். பிட்காயின் வலையமைப்பில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய ‘பிளாக்’ உருவாகிறது. இனிமேல் வரப்போகும் இன்ன பிளாக்கின் எண்ணைச் சேர்ப்போம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கிடைக்கும் பெரிய எண்ணை மொத்த டிக்கெட்டுகளால் வகுத்து, மீதியைப் பார்த்து வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். உதாரணமாக, 500 டிக்கெட்டுகள் விற்றிருக்கின்றன, கிடைத்த எண் 7,38,415 என்று வைத்துக்கொள்வோம். 500ஆல் வகுத்தால் மீதி 415. மீதி பூஜ்யமானால் முதல் டிக்கெட் என்பது விதியானால், பரிசு 416ஆம் டிக்கெட்டுக்கு. இந்தக் கணக்கை எண்ணூரில் இருந்தும் போடலாம், துபாயில் இருந்தும் போடலாம். விடை ஒன்றுதான்.

இந்த முறை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

கணக்குக்கு வெளியே இருக்கும் ஓட்டைகள்

ஆனால் அந்தக் கணக்கு காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த டிக்கெட் பட்டியலில் இருந்து, இந்த விதிப்படி, இந்த டிக்கெட் தேர்வானது. அதற்கு வெளியே இருப்பவை பல.

பட்டியல் உண்மையானதா? 500 டிக்கெட்டில் 450 டிக்கெட் நடத்துபவருடைய வெவ்வேறு வாலட்டுகளின் பெயரில் இருக்கலாம். வாலட் முகவரியில் ஆளின் பெயர் இருக்காது. பரிசு அவரிடமே திரும்பும். கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

பட்டியல் எப்போது பூட்டப்பட்டது? டிக்கெட் பட்டியலின் முத்திரையும் குலுக்கலுக்கு முன்பே வெளிவர வேண்டும். இல்லையென்றால் முடிவு தெரிந்தபின் வரிசையை மாற்றி வைக்கலாம்.

பிடிக்காத முடிவு வந்தால்? இரகசியத்தை வெளியிடாமல், “தொழில்நுட்பக் கோளாறு, குலுக்கல் ரத்து” என்று மறுபடி நடத்தினால் முத்திரையால் தடுக்க முடியாது.

பரிசு கைக்கு வருமா? தேர்வு நேர்மையாக நடந்தது என்பதும், பரிசு கொடுக்கப்படும் என்பதும் வெவ்வேறு. நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

நிரலே எல்லாவற்றையும் நடத்தும் ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ என்றாலும் கதை முடிவதில்லை. எத்தேரியத்தில் ஃபோமோ3டி என்ற விளையாட்டு 2018இல் பரபரப்பானது. நேரம் முடியும்போது கடைசியாக வாங்கியவருக்கே பெரும் பரிசு என்பது அதன் விதி. அந்த ஆகஸ்டில் ஒருவர், தான் வாங்கியபின் வேறு யாரும் வாங்க முடியாதபடி அதிகக் கட்டணம் கட்டி வலையமைப்பையே நிரப்பி, பத்தாயிரம் ஈத்தருக்கு மேல் எடுத்துச் சென்றார். நிரல் எழுதியபடியே இயங்கியது. மற்றவர்களின் பணம் போய்விட்டது.

நேர்மையாக நடந்தாலும் நஷ்டம் யாருக்கு?

ஓட்டை எதுவுமே இல்லாத குலுக்கல் ஒன்றைக் கற்பனை செய்வோம். டிக்கெட் 100 ரூபாய். 1,000 டிக்கெட் விற்று ஒரு லட்சம் சேர்கிறது. பரிசு 70,000 ரூபாய். மீதி 30,000 நடத்துபவருக்கு. சராசரிக் கணக்கில் ஒவ்வொரு 100 ரூபாய் டிக்கெட்டின் மதிப்பும் 70 ரூபாய்தான். வாங்கிய நொடியிலேயே 30 ரூபாய் போய்விட்டது. 999 பேர் இழந்தால்தான் ஒருவர் ஜெயிக்க முடியும். ‘நிரூபிக்கப்பட்ட நேர்மை’ இந்தக் கணக்கில் ஒரு ரூபாயைக்கூட மாற்றாது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்குபவரோ, ஒப்பந்தத் தொழிலாளியோ மாதம் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம், நேர்மையான முறையிலேயே கரைந்து போகும்.

வரிக் கணக்கும் உண்டு. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. ஒன்றில் ஏற்பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிப்டோ வைத்திருப்பதே குற்றம் என்று இந்தியாவில் சட்டம் இல்லை. வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. ஆனால் கிரிப்டோவை வைத்து அதிர்ஷ்ட விளையாட்டு ஆடுவது வேறு விஷயம்.

தமிழ்நாடு இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. ஆனால் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய விளையாட்டுகளுக்கான தடை நிலைத்தது. இச்சட்டப்படி நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் மட்டுமின்றி ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. பணமாக மாற்றத்தக்க ‘டோக்கன்’களும் ‘காயின்’களும் அதில் பந்தயப் பொருளாகவே கருதப்படுகின்றன. “ரூபாய் அல்ல, டோக்கன்தான்” என்ற சமாதானம் எடுபடாது. இத்தகைய லிங்க்கைக் குழுக்களில் பகிர்ந்து கமிஷன் வாங்கும் இளைஞர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வையில்

குலுக்கல் என்பதே தவறு என்று இஸ்லாம் சொல்லவில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களைப் போட்டுத் தேர்ந்தெடுத்ததைக் குர்ஆன் குறிப்பிடுகிறது (3:44). இன்றும் ஹஜ் கமிட்டியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் ‘குர்ஆ’ மூலம்தான் தேர்வு. இங்கெல்லாம் எல்லோருக்கும் சம உரிமை இருக்கிறது, எல்லோருக்கும் கொடுக்க இடமில்லை, அதனால் குலுக்குகிறார்கள். ஒருவர் கட்டிய பந்தயம் இன்னொருவருக்குப் பரிசாகப் போவதில்லை.

மைசிர் எனும் சூதாட்டத்தில் நடப்பது வேறு. ஒவ்வொருவரும் பணத்தைப் பணயம் வைக்கிறார்கள். ஒருவரின் இழப்பே மற்றவரின் லாபம். குர்ஆன் (5:90, 91) இதை மதுவோடு சேர்த்துத் தடுக்கிறது. பகைமையும் வெறுப்பும் உண்டாவதையும், இறைநினைவும் தொழுகையும் தடைபடுவதையும் காரணமாகக் காட்டுகிறது. குலுக்கியவர் ஏமாற்றினால் மட்டும் கூடாது என்று அங்கே நிபந்தனை இல்லை. எனவே தொழில்நுட்பம் தரும் நிரூபணம், மார்க்கம் எழுப்பும் கேள்விக்குப் பதிலாகாது. கிரிப்டோ நாணயம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயின் கூடாது என்றது. சில நிபந்தனைகளோடு கூடும் என்போரும் இருக்கிறார்கள். பணம் கட்டி ஆடும் குலுக்கல் விஷயத்தில் அந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லை. ரூபாயில் கூடாதது பிட்காயினிலும் கூடாது.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

“உங்களுக்குப் பரிசு விழுந்துவிட்டது, முதலில் வரியைக் கட்டுங்கள்” என்று யு.எஸ்.டி.டி கேட்டால் அது மோசடி. வரி அரசுக்குப் போகும், குலுக்கல் நடத்துபவரின் வாலட்டுக்குப் போகாது. வாலட்டின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வாலட்டே அவர்கள் கைக்குப் போய்விடும்.

பணம் பறிபோனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். கிரிப்டோ பரிமாற்றத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்றாலும், அதை வாங்க வங்கி அல்லது யு.பி.ஐ மூலம் அனுப்பிய ரூபாயைச் சீக்கிரம் சொன்னால் முடக்க வாய்ப்புண்டு. பரிமாற்ற எண், வாலட் முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். ஆடியதற்காகத் தன் மீதே வழக்கு வருமோ என்று அஞ்சுபவர்கள், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இழந்தவர் பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார். விட்டதைப் பிடிக்க இன்னும் கடன் வாங்குவார். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் துயரம்தான் தமிழகத்தில் தனிச் சட்டமே கொண்டுவரக் காரணமானது. வீட்டில் ஒருவர் திடீரெனக் கைமாற்று கேட்கத் தொடங்கினால், நகையை அடகு வைக்க அவசரப்பட்டால், திட்டுவதற்கு முன் உட்கார வைத்து எவ்வளவு போனது என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்லத் துணியும் அந்த நேரத்தில், இதுவரை போனதோடு நிறுத்த வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.